கண் திறக்காத குதிரை சொன்னது

எங்கள் வீட்டு அலமாரிக்கு மேலே ஒரு முட்டை அட்டை கிடக்கிறது. கடையில் முட்டை அடுக்கி வருமே, அந்தச் சாம்பல் நிற அட்டைதான். ஆனால் அதில் ஒரு முட்டையைக்கூட வைக்க முடியாது. ஒவ்வொரு குழியின் அடியிலும் கத்தரிக்கோலால் வட்டமாக ஓட்டை போட்டிருக்கிறது. மருமகள் வீடு ஒழுங்கு பண்ணும்போதெல்லாம் அதைக் குப்பையில் போடுவாள். நான் போய் எடுத்து வந்து மறுபடி மேலே வைப்பேன். "இதுல என்னத்த இருக்கு அத்தை, கரப்பான்தான் குடியிருக்கு" என்பாள். அவளுக்கு நான் பதில் சொன்னதில்லை. எனக்கு நாலு பேர் முன்னால் வாய் வராது. வீட்டுக்குள்ளும் ஏறக்குறைய அப்படித்தான். எழுதும்போது யாரும் என் முகத்தைப் பார்ப்பதில்லை என்பதால் கொஞ்சம் தைரியம் வருகிறது. ஐந்தாம் வகுப்போடு நின்றுபோன கை இது. முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அமராவதிபுதூருக்கு அங்குட்டு, ரோட்டை ஒட்டி எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடம். அங்கே சத்துணவு மையத்தில் சமையல் உதவியாளாக இருந்தேன். பிள்ளைகளுக்கு ஆயா, வாத்தியார்மாருக்கு ஆயாம்மா. சமையல்கட்டுக்கு இரண்டு சன்னல். ஒன்று ஏழாம் வகுப்பைப் பார்த்திருக்கும். இன்னொன்று ரோட்டைப் பார்த்திருக்கும். நடுவில் பள்ளிக்கூடத்துச் சுற்றுச்சுவர். என் வேலைக்காலம் முழுவதும் உலகத்தை நான் அந்த இரண்டு சன்னல் வழியாகத்தான் பார்த்தேன் என்று சொன்னால் அதில் பொய்யில்லை.

தமிழ் டீச்சர் திருச்சிப் பக்கத்திலிருந்து வந்தவர். வயதில் என் மகளைப்போல இருப்பார். நடந்தால் கூடவே ஓட வேண்டும். ஒரு நாள் அடுப்படிக்கு வந்து, "ஆயாம்மா, காலி முட்டை அட்டை ஒண்ணு குடுங்களேன்" என்றார். கொடுத்தேன். திண்டில் உட்கார்ந்து குழிக்குக் குழி ஓட்டை போட்டார். எனக்கு மனசு அடித்துக்கொண்டது. அட்டைகளைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், சத்துணவு அமைப்பாளர் கேட்டால் என்ன சொல்வது என்று. அதைக்கூட அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அன்று ஏழாம் வகுப்புப் பிள்ளைகளை வேப்பமரத்தடிக்குக் கூட்டிப்போய், அட்டையைத் தூக்கிப் பிடித்து, ஆளுக்கு ஒரு குழியில் கண்ணை வைக்கச் சொன்னார். என்ன தெரிகிறது என்று கேட்டார். காக்காயின் வால் தெரிகிறது என்றது ஒன்று. தலைமையாசிரியர் சைக்கிளின் மணி மட்டும் தெரிகிறது என்றது இன்னொன்று. "டீச்சர், எனக்கு ஆயா தெரியிறாக, பாதி ஆயா" என்று ஒரு பயல் கத்தினான். எல்லாம் சிரித்தன. நான் சன்னலைவிட்டு விலகிக்கொண்டேன். டீச்சர் அப்போது சொன்னது எனக்கு இன்றைக்கும் காதில் இருக்கிறது. "கதை சொல்ற ஒவ்வொருத்தரும் இப்படி ஒரு குழி வழியாத்தான் பார்க்கிறாங்க. குழி மாறினா கதை மாறும். உன் குழிக்குள்ள என்ன தெரியுதோ அதைத்தான் நீ சொல்லணும். தெரியாததையும் சேர்த்துச் சொன்னா அது கதை இல்லை, பழி."

அதிலிருந்து அந்த வகுப்பில் ஒரே வேடிக்கைதான். நடந்தது ஒன்றாக இருக்கும். ஆளுக்கு ஒருவர் வாயால் சொல்ல வேண்டும். சாம்பார் அடிப்பிடித்த நாளை ஒருத்தி கரண்டி சொல்வதுபோலச் சொன்னாள். இன்னொருத்தன் பருப்பாக நின்று, "ஆயா கதவுப் பக்கம் எட்டிப் பாத்துக்கிட்டு நின்னாக, நான் உள்ள கருகிக்கிட்டுக் கெடந்தேன்" என்றான். டீச்சர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். எனக்கு வியர்த்துவிட்டது. பருப்புக்கு வாய் முளைத்துவிட்டதென்றால் இந்த ஊரில் இன்னும் எதற்கெல்லாம் முளைக்குமோ என்று பயமாக இருந்தது. அந்தப் பயம் வீண்போகவில்லை.

எங்கள் ஊரில் வருடா வருடம் அய்யனாருக்குப் புரவி எடுப்போம். மண்ணால் செய்த பெரிய குதிரைகள். பெரிய அம்பலம்தான் ஊருக்குத் தலைமை. அவர் கோயில் நிலத்திலிருந்து ஒரு பிடி மண்ணை எடுத்துத் தாம்பாளத்தில் வைத்து, மண்பாண்டம் செய்கிற வேளாரிடம் கொடுப்பார். அதற்குப் பிடிமண் கொடுப்பது என்று பெயர். அதை வாங்கினவர் மட்டும்தான் குதிரை செய்யலாம். அவர் விரதமிருந்து, மண் மிதித்து, உருவம் செய்து, சூளையில் சுட்டு வைப்பார். புரவி எடுக்கும் நாளில் கம்புகளுக்கு நடுவில் குதிரையை நிறுத்திக் கட்டி, முன்னால் சிலரும் பின்னால் சிலருமாகத் தோளில் தூக்கிப்போவார்கள். கோயில் வாசல் போகிறவரை குதிரையின் முகத்தில் வெள்ளைத்துணி கட்டியிருக்கும். அங்கே போனபிறகுதான் துணியை அவிழ்த்து வேளார் கண் திறப்பார். அதுவரை அது மண். அதற்குப் பிறகுதான் அது குதிரை. எங்கள் ஊரில் நடக்கப் பழகும் குழந்தைக்குக்கூட இது தெரியும்.

அந்த வருடம் ஊர்ப் புரவி, அதாவது எல்லாவற்றுக்கும் முன்னால் போகும் குதிரை, பள்ளிக்கூட வளைவில் விழுந்து முன்னங்கால் ஒடிந்துபோனது. ஊனப்பட்டதைச் சாமிக்குக் கொடுக்க முடியாது. வைக்கோலைப் போட்டு மூடி ஓரத்தில் கிடத்திவிட்டு மற்றக் குதிரைகளோடு போனார்கள். அன்றைக்கு யாருக்கும் சோறு இறங்கவில்லை. மறுநாளே பேச்சு ஆரம்பித்துவிட்டது. வேளார் விரதம் தப்பிவிட்டார் என்றார்கள். சூளை வேகவில்லை, கால் பச்சையாக இருந்து தானாக ஒடிந்தது என்றார்கள். வருகிற வருடம் பிடிமண்ணைச் சிங்கம்புணரிப் பக்கம் வேறு ஆளிடம் கொடுத்துவிடலாம் என்று டீக்கடையில் பேசிக்கொண்டார்கள். வேளாருக்கு அதைவிட்டால் அடுப்புச் சட்டியும் அகல் விளக்கும்தான். வருமானம் ஒரு பக்கம். பிடிமண் கை மாறினால் அந்தக் குடும்பம் ஊரில் தலைநிமிர்ந்து நடக்க முடியாது.

அவர் மகள் ஏழாம் வகுப்பில் படித்தது. நன்றாகப் பேசும் பிள்ளை. புரவி விழுந்தபிறகு பேச்சு நின்றுவிட்டது. தட்டை நீட்டும், சோற்றை வாங்கும், மூலையில் போய் உட்காரும். "இன்னங் கொஞ்சம் வைக்கவாத்தா?" என்றால் தலையை மட்டும் ஆட்டும்.

டீச்சர் திருவிழா விடுமுறைக்கு ஊருக்குப் போயிருந்தவர். திரும்பி வந்து, திருவிழாவில் நடந்த ஒன்றைச் சொல்லுங்கள், சொல்வது யார் என்பதை நீங்களே முடிவு பண்ணிக்கொள்ளுங்கள் என்றார். ஒருவன் பலூன்காரனாகச் சொன்னான். ஒருத்தி ராட்டினமாகச் சொன்னாள். வேளார் மகள் எழுந்தாள். அவள் எழுந்ததே டீச்சருக்குச் சந்தோஷம். நான் முட்டை உரித்துக்கொண்டிருந்தேன்.

"நான் ஊர்ப் புரவி" என்று அவள் ஆரம்பித்தாள். "என்னைத் தூக்கிட்டு வந்தாக. முன்னால தூக்குன சின்ன அம்பலம் மேல சாராய வாடை அடிச்சது. அவுக கால் தள்ளாடுறத நான் பாத்தேன். அவுகதான் என்னையக் கீழ விட்டாக. எங்க அப்பா என்னைய நல்லாத்தான் சுட்டாக."

ஒரு பயல் எழுந்து, "டீச்சர், குதிரைக்கு ஏது அப்பா?" என்றான். "செஞ்சவர்தானே அப்பா, சரியாத்தான் சொல்லியிருக்கா" என்று டீச்சர் கை தட்டினார். பிள்ளைகளும் தட்டின. என் கையிலிருந்த முட்டை நழுவிப் பாத்திரத்துக்குள் விழுந்தது. சின்ன அம்பலம் என்பவர் பெரிய அம்பலத்தின் கூடப்பிறந்த தம்பி. அதைவிட எனக்கு உறுத்தியது வேறொன்று. முகத்தில் துணி கட்டியிருந்த குதிரை எதைப் பார்த்திருக்கும்?

மத்தியானம் சோறு போடும்போதே, "குதிரை சாராய வாடைய மோந்துச்சாம்லடி" என்று வரிசையில் சிரிப்பு ஓடியது. அந்தச் சிரிப்பு சாயங்காலம் வீடுகளுக்குப் போகும், அங்கே சிரிப்பாக இருக்காது. பாத்திரத்தைக் கவிழ்த்துவிட்டு டீச்சர் கிளம்புகிற நேரத்தில் போய் நின்றேன்.

"டீச்சர், அந்தக் குதிரைக்குக் கண்ணு தெறக்கலைங்க."

"என்ன ஆயாம்மா?"

"முகத்துல துணி கட்டியிருந்துச்சு. கோயில்ல போய்த்தான் கண்ணு தெறப்பாக. அது ஒண்ணும் பாத்திருக்காது."

அவர் கையிலிருந்த பையைக் கீழே வைத்தார். "அந்தக் குழியில ஓட்டையே இல்லை. நான் பார்க்காம கை தட்டிட்டேன்" என்றார். சின்ன அம்பலம் குடித்திருந்தாரா என்று கேட்டார். எனக்குத் தெரியாது என்றேன். நான் கூட்டத்தில் நிற்கக் கூச்சப்பட்டு வருடா வருடம் சமையல்கட்டுச் சன்னலிலிருந்துதான் புரவி பார்ப்பேன். சுற்றுச்சுவருக்கு மேலே குதிரைத் தலை மட்டும்தான் தெரியும் என்று சொன்னேன். அவ்வளவு நீளமாக நான் அவரிடம் பேசியது அதுதான் முதல் தடவை.

மறுநாள் காலையிலேயே செய்தி வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் அய்யனார் கோயில் பொட்டலில் ஊர் கூடுகிறது. வேளார் மகளும் டீச்சரும் வர வேண்டும். பிடிமண் விஷயத்தையும் அன்றைக்கே பேசி முடித்துவிடுவது.

அன்று மத்தியானம் டீச்சர் வேளார் மகளைச் சமையல்கட்டுக்குக் கூட்டி வந்தார். திட்டவில்லை. "நீ அப்போ எங்கே நின்னே?" என்று மட்டும் கேட்டார். குதிரைக்குப் பின்னால், பெண்களோடு முளைப்பாரிச் சட்டியைத் தூக்கிக்கொண்டு வந்ததாக அவள் சொன்னாள். "சாராய வாடை?" என்றார். பிள்ளை தலையைக் குனிந்துகொண்டது. "டீக்கடையில எங்க அப்பாவப் பேசுனாக. அதான் நானும்…" என்றது.

டீச்சர் அடுப்படித் துண்டை எடுத்து அவள் கண்ணைக் கட்டினார். பாத்திரம் கவிழ்க்கும் பலகையில் உட்கார வைத்தார். "ஆயாம்மா, பின்னால பிடிங்க" என்றார். முன்னால் அவர் பிடித்தார். இரண்டு பேருமாகத் தூக்கினோம். பிள்ளை எலும்பும் தோலுமாக இருந்தாலும் எனக்குப் பயம்; விழுந்து தொலைந்தால் அதற்கும் ஊர் கூடுமே என்று. அடுப்பைச் சுற்றி ஒரு நடை நடந்தோம். நடுவில் டீச்சர் தன் பக்கத்தைச் சட்டென்று தாழ்த்தினார். பிள்ளை பலகையை இறுக்கிப் பிடித்தது.

"இப்போ நீதான் குதிரை. என்ன தெரிஞ்சது, சொல்லு."

"முன்னால எறங்குச்சு."

"யார் இறக்கினா? ஏன்?"

அவள் யோசித்தாள். துண்டுக்கு அடியிலிருந்து கண்ணீர் வழிந்தது. "தெரியலை டீச்சர். குதிரைக்கு அது தெரியாது" என்றாள்.

"அதுதான் குதிரையோட கதை. அவ்வளவுதான்" என்றார் டீச்சர்.

அவ்வளவு போதுமா என்று எனக்குத் திகிலாக இருந்தது. ஊர்க் கூட்டத்தில் நின்று தெரியாது என்று சொல்வதற்கா இத்தனை பாடம்?

வெள்ளிக்கிழமை பொட்டலில் ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். பெண்கள் புளியமரத்துப் பக்கம் ஒதுங்கி நின்றோம். வேளார் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு ஓரமாக நின்றார். மகள் டீச்சரின் சேலையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். "குதிரை வந்துருச்சா, புல்லுக்கட்டு எடுத்துப் போடுங்கப்பா" என்று ஒருவர் சொல்ல, சிரிப்பு. சின்ன அம்பலம் சிரிக்கவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பெரிய அம்பலம் கேட்டார். "என்னத்தா, கண்ணு தெறக்காத குதிரை எந்தம்பியப் பாத்துச்சாமே. எப்பிடிப் பாத்துச்சு?"

"பாக்கலைங்கய்யா" என்றாள் பிள்ளை. வார்த்தை தெளிவாக இருந்தது. "நான் சொன்னது தப்பு. குதிரைக்கு முகத்துல துணி. அதுக்கு ஒண்ணுதான் தெரியும். முன்னால எறங்குச்சு, பெறகு விழுந்துச்சு. யாரு, என்னன்னு அதுக்குத் தெரியாது. வாடையெல்லாம் நானாச் சொன்னது."

"இதும் அவ அப்பன் சொல்லிக் குடுத்ததுதான்" என்றது ஒரு குரல். "கால் தானா ஒடிஞ்சுதான் குதிரை சாஞ்சுச்சு. முன்னால எறங்குச்சாம்ல."

"வேற யாரும் பாத்தீகளா?" என்றார் பெரிய அம்பலம். முன்னால் போனவர்கள் திரும்பிப் பார்க்கவில்லை. பின்னால் வந்தவர்களுக்குக் குதிரை மறைத்துவிட்டது. டீச்சருக்கு நான் சன்னலிலிருந்து பார்த்தது தெரியும். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. மண்ணைப் பார்த்துக்கொண்டே நின்றார். என்னைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்று நிற்கிறார் என்பது எனக்குப் புரிந்தது. என் வேலை, அம்பலத்தின் கோபம், வீட்டுக்காரர் என்ன சொல்வாரோ என்பது, எல்லாம் ஒன்றாக வந்து நின்றது. அந்தப் பிள்ளை மூலையில் உட்கார்ந்து சோற்றைப் பிசைந்துகொண்டிருந்ததும் கூடவே வந்தது.

"நான் பாத்தேன்யா."

என் குரல்தானா என்று எனக்கே தெரியவில்லை. பக்கத்தில் நின்றவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"யாரு, பள்ளிக்கூடத்து ஆயாவா? நீ பேசக்கூடச் செய்வியாத்தா?" என்றார் பெரிய அம்பலம். மறுபடி சிரிப்பு. "சரி, என்ன பாத்த?"

"சுவத்துக்கு மேல தலை மட்டுந்தான்யா தெரிஞ்சது. தலை நேரா வந்துச்சு. பெறகு முங்குச்சு. அதுக்குப் பெறகுதான் ஒடஞ்ச சத்தம் கேட்டுச்சு."

"சத்தத்துக்குப் பெறகு முங்குச்சா, முங்குன பெறகு சத்தமா? நல்லா ஓசிச்சுச் சொல்லு."

"முங்குன பெறகுதான்யா சத்தம்."

"தூக்குனவுக?"

"தெரியலைங்கய்யா. சுவரு மறச்சிருச்சு."

அதோடு என் குழி முடிந்துவிட்டது. புளியமரத்தைப் பிடித்துக்கொண்டேன். சின்ன அம்பலம்தான் எழுந்தார்.

"அண்ணே, நான் சொல்லீர்றேன். காப்புக் கட்டுன நாள்ல இருந்து நான் குடிக்கலை. அய்யனார் வாசல்ல நின்னு சொல்றேன். தோள்ல கம்பு அமுக்குது, தலை குனிஞ்சிருக்கு, முன்னால பூரா ஆட்டக்காரப் பயலுக. பள்ளிக்கூட வளைவுல புதுசா ஒரு மேடு போட்டிருக்காகள்ல, அதுல கால் இடறிருச்சு. அன்னைக்கே சொல்லியிருப்பேன். குடிச்சிட்டு விட்டுட்டான்னு ஊரு சொல்லுமேன்னு வாயத் தெறக்கலை. இப்பப் பிள்ளை சொல்லவும்தான்…"

அப்போது டீச்சர் நிமிர்ந்தார். "ஐயா, அந்த வேகத்தடையைப் போடச் சொல்லி மனு குடுத்தது நான்தான். பிள்ளைங்க ரோட்டைத் தாண்டுறாங்களேன்னு கேட்டேன். அந்த வழியாத்தான் புரவி போகும்னு எனக்குத் தெரியாது" என்றார்.

பெரிய அம்பலம் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தார். "அப்ப இதுல யாரத்தான் குத்தம் சொல்றது?" என்றார். பதிலை எதிர்பார்த்து அவர் கேட்கவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "பிடிமண்ணு யாருக்குங்கிறத பிடிமண்ணு அன்னைக்குச் சாமிகிட்டக் கேட்டுச் சொல்றேன். இப்பக் கலைஞ்சு போங்க."

முடிவு சொல்லாமலே ஊர் கலைந்தது. அதற்குப்பிறகு பிடிமண் நாள் வரும்வரை நாங்கள் பட்ட பாட்டை எப்படி எழுதுவது? வேளார் களிமண் கொண்டுவந்து கொட்டி வைப்பதா வேண்டாமா என்று தவித்தார். பிள்ளை தினமும் சோறு வாங்கும்போது என் முகத்தைப் பார்க்கும், எனக்கு ஏதோ தெரிந்திருக்கும் என்பதுபோல. நடுவில் டீச்சருக்கு மாறுதல் வந்தது. அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்றார்கள். இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். என் சன்னலுக்கு அது தெரியவில்லை. போகும்போது, "இது உங்க அட்டைதானே" என்று அதைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்துவிட்டுப் போனார். பஸ் ஏறும்போது, "பிடிமண் விஷயம் எப்படியாவது எனக்குத் தெரியப்படுத்துங்க ஆயாம்மா" என்றார். என்னிடம் போன் இல்லை. விலாசம் கேட்கவும் கூச்சம். அவர் இப்போது எந்த ஊரில் இருக்கிறாரோ. இதை நான் எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

டீச்சர், பிடிமண்ணை வேளாருக்குத்தான் கொடுத்தார்கள். தாம்பாளத்தைச் சின்ன அம்பலம் தூக்கி வந்தார். பெரிய அம்பலம் மண்ணைக் கொடுத்துவிட்டு ஒரு வார்த்தை சேர்த்துச் சொன்னார். "பள்ளிக்கூட வளைவுல ஒரு ஆளு முன்னால நின்னு மேடு பள்ளத்தச் சொல்லணும். தூக்குறவனுக்கும் தெரியலை, குதிரைக்கும் தெரியலை. உம்மகளே சொல்லட்டும்."

இந்த வருடமும் புரவி எடுத்தார்கள். இப்போது கூட்டத்தில் எல்லார் கையிலும் போன். ஆளுக்கு ஒரு பக்கம் நின்று படம் பிடிக்கிறார்கள். சாயங்காலம் என் மருமகள் அதையெல்லாம் காட்டி, முழுத் திருவிழாவும் இதற்குள் இருக்கிறது அத்தை என்கிறாள். எந்தப் படத்திலும் கம்புக்கு அடியில் குனிந்திருக்கிற முகம் இல்லை. நான் காலையிலேயே பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டேன். இப்போது அங்கே ஆயாவாக இருக்கிற பெண் சமையல்கட்டைத் திறந்துவிட்டது. பையிலிருந்து முட்டை அட்டையை எடுத்தேன். ஒரு கண்ணுக்குப் புரை ஆபரேஷன் ஆகியிருக்கிறது. அந்தக் கண்ணைத்தான் குழியில் வைத்தேன். தப்பு மேளச் சத்தம் கிட்டே வரவர, இத்தனை வருடத்துக்குப் பிறகும் அட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

சுவருக்கு மேலே வெள்ளைத்துணி கட்டிய தலை வந்தது. அதற்கு முன்னால் வேளார் மகளின் குரல். காரைக்குடியில் வாழ்க்கைப்பட்டு இரண்டு பிள்ளைக்குத் தாயானவள். புரவிக்கு மட்டும் தவறாமல் வந்துவிடுவாள். அவள் தெரியவில்லை, சுவர் மறைக்கிறது. குரல் மட்டும் குதிரைக்கு முன்னால் நகர்ந்துகொண்டே போனது. "மேடு வருதுங்கய்யா, மேடு. இடது காலு, மெதுவா… வலது… ஏறிட்டீக. இப்ப எறக்கம்."

தலை லேசாக உயர்ந்தது. நின்றது. பிறகு பழைய உயரத்துக்கே இறங்கி, நேராக, குழியின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு நகர்ந்து போனது. குதிரை போனபிறகும் கண்ணை எடுக்காமல், ஒடிகிற சத்தம் ஏதும் வருகிறதா என்று கேட்டுக்கொண்டே நின்றேன்.